சொல்லிக்காமல் வர வேண்டிய வீடு

சிங்காநல்லூர் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பேர். வீடு வீடாகப் போய் விற்கிறவர்கள். ஒருவர் மடியில் தேயிலைப் பொட்டலங்கள் நிறைந்த பை, மற்றவர் மடியில் சோப்புப் பெட்டி.

“எழவு ஊட்டுல, போய்ட்டு வாரேனுங்கன்னு சொல்லிப்போட்டேனுங்க” என்றார் தேயிலைக்காரர்.

சோப்புக்காரர் பதறிவிட்டார். “அட கெரகமே! அங்க சொல்லிக்காமத்தானுங்க கெளம்போணும்!”

“எனக்குத் தெரியாதுங்களா? ஊட்டுக்காரர் தவறிப்போனதையே, நான் பொட்டலத்தப் பிரிச்சுக் காட்டுன பொறவுதான் அந்தம்மா சொன்னாங்க. அள்ளிப் பையில போட்டுட்டு எந்திரிச்சேன். நாளெல்லாம் வாசலுக்கு வாசல் சொல்ற வாயில்லீங்களா, அங்கயும் சொல்லிப்போடுச்சு.”

“திட்டுனாங்களா?”

“இல்லீங்க. ‘எழவுக்கு வந்த சனமெல்லாம் சொல்லாமயே போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தானுங்கண்ணா வாரேன்னு சொல்றீங்க’ன்னாங்க.”

சோப்புக்காரர் மெதுவாகக் கேட்டார்.

“இனி அந்த வீதிப்பக்கம் போவீங்களா?”

“போகாம எப்படீங்க? வாரேன்னு சொல்லிப்போட்டேனுங்களே.”