உடைக்க மறுத்த ஏலக்காய்

"ஏலக்காயக் கொண்டுபோனதுதான் நான் செஞ்ச தப்பு."

குமுளியிலிருந்து சக்குபள்ளம் போகும் மாலை பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு ஆசிரியைகள். சொன்னவர் சன்னலோரம் இருந்தவர். மடியில் பாடக்குறிப்பு எழுதும் டீச்சிங் மேனுவல்.

"ஏன், பிள்ளைக தின்னுட்டாங்களா?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"தின்னிருந்தாக்கூடப் பரவால்லக்கா. அஞ்சு படியாப் பாடம் எழுதியிருந்தேன். ரெண்டாவது படியில பிள்ளைகளே காய உடைச்சு, உள்ள என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லணும். நான் வாயத் திறக்கக் கூடாது. பின்னால எச்.எம். நோட்டோட உக்காந்திருக்காங்க. ஒரு பிள்ளையும் உடைக்கல."

"ஏனாம்?"

"வெடிச்ச காய் விலை போகாதுன்னு, காய் பறிக்கிற அவங்க அம்மாமார எஸ்டேட் கங்காணி ஏசுவாராம். உள்ளங்கையில வச்சுக்கிட்டு என்னையே பாக்குதுக. கடைசியில நானே ஒண்ண உடைச்சேன். முதல் பெஞ்சு ஸ்டெல்லா கேக்குறா, 'உங்கள யாரு டீச்சர் ஏசுவாங்க?'"

"என்ன சொன்ன?"

"எச்.எம்.மக் கையக் காட்டுனேன்."

பக்கத்திலிருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவங்க எந்திரிச்சு வந்து, ஒரு காய வாங்கி அவங்களே உடைச்சாங்க. அப்புறந்தான் எல்லாரும் உடைச்சாங்க. கேள்வி மேல கேள்வி. பெல் அடிச்சதே கேக்கல."

"பாடம் நல்லாத்தானே போயிருக்கு! இதுல தப்பு எங்க வந்துச்சு?"

சன்னலோரத்தவர் கைப்பையைத் திறந்து காட்டினார். பஸ்ஸே மணத்தது. உள்ளே முழுக்கப் பிளந்த ஏலக்காய்.

"ஒண்ணு விடாமப் பெறக்கிப் போட்டது ஸ்டெல்லாதான். 'கங்காணி கண்ணுல படாமப் போயிருங்க டீச்சர்'ன்னு எஸ்டேட் கேட் வரைக்கும் கூடவே வந்தா."