வாப்பா தந்த கார்

– இன்னைக்குச் சாவியக் குடுத்துட்டுத்தான் மறுவேலை, அம்றா. உன்ட வாப்பாவ மாத்தளையில எறக்கி விட்ட கையோட அவர்கிட்ட நீட்டிருவேன்.

– மெதுவாப் பேசுங்க. கண்ணாடி தொறந்திருக்கு. வாப்பா வாசல்ல செருப்புத் தேடிட்டு இருக்காங்க.

– தேடட்டுமே. கல்யாணத்துக்குக் கார் தாங்கன்னு நானா கேட்டேன்? அவரா கொண்டு வந்து நிப்பாட்டினாரு, ஊரே பாக்குற மாதிரி பூவும் கட்டி. நானும் ஒரு மடையன், இருந்த பைக்க வித்துட்டேன்.

– ஆசையாத் தந்தாங்க. இந்தக் காலத்துல யாரால ஒரு கார் வாங்க ஏலும்?

– ஆசையாத் தந்தவரு சனிக்கிழமையானா ஃபோன் எடுத்துக் கூப்பிடுவாரா? போன கிழமை மிளகு மூட்டை. அதுக்கு முந்தின கிழமை பல்லு டாக்டர். அதுக்கும் முந்தி யாரோ ஒருத்தர் செத்த மவுத்து வீடு. சனிக்கிழமைதான் கடைக்கு நாலு ஃபோன் திருத்த வரும். அன்னைக்குப் பாத்துக் கதவ மூடிட்டு நான் இங்க பல்லேபொலைக்கு ஓடி வரணும். நீ உள்ளுக்குப் போனா உன்ட உம்மாவ விட்டு வர மாட்டே. நான் காருக்குள்ள வெந்துக்கிட்டு கிடக்கணும்.

– உள்ளுக்கு வாங்கன்னு உம்மா எத்தனை தரம் கூப்பிட்டாங்க?

– அத விடு. யஹ்யாட த்ரீவீல் இந்தக் கேட்டுக்கு முன்னாலயே நிக்குது. அதுல ஏறினா என்ன?

– யஹ்யா கண்மண் தெரியாம ஓட்டுவாரு. வாப்பாக்குப் பயம்.

– இன்னைக்கு என்ன வேலை? பிரஷர் குக்கருக்கு ரப்பர் வளையம்! அதுக்கு ஒரு கார், ஒரு மருமகன், ஒரு நாள் கடை. புஹாரி ஹாஜியார் மருமகனுக்குக் கார் குடுத்தாருன்னு டவுன் முழுக்கப் பேச்சு. டிரைவர் வேலையும் சேத்துக் குடுத்தாருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது.

– இன்னைக்கு மட்டும் வேணாங்க. கெஞ்சிக் கேக்குறேன். அவங்களுக்குப் பிரஷர் ஏறிரும்.

– யாருக்கு, குக்கருக்கா?

– ஷ்ஷ்!

– அஸ்ஸலாமு அலைக்கும் மருமகன். என்ன, ரெண்டு பேரும் கையக் கால ஆட்டிப் பேசுறது வாசல் வரைக்கும் தெரியுது?

– வஅலைக்கும் ஸலாம் மாமா. ஒண்ணுமில்ல, சும்மா. ஏறுங்க.

– பிஸ்மில்லாஹ். எடுங்க. மகள், இந்த வட்டிலப்பத்த மடியில வச்சுக்க. மாமிக்கு இனிப்புப் பிடிக்கும்னு உம்மா தந்தா.

– சரி வாப்பா.

– பாத்து மருமகன், முன்னால மாத்தளை பஸ் போகுது. இந்த ரோட்டுல அவன்தான் ராஜா.

– பாத்துட்டுத்தான் ஓட்டுறேன் மாமா. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நீங்க கோவிக்கக் கூடாது.

– இஞ்ச பாருங்க, இப்ப வேணாம்...

– நீ இரு. மாமா, டவுனுக்குப் போனதும் இந்தக் கார உங்ககிட்டயே தந்துர்றேன். கார் புக்கும் உங்கட பேர்லதானே இருக்கு. என்னால கடையப் பாக்க ஏலாம இருக்கு. நான் பழைய பைக் ஒண்ணு எடுத்துக்கிறேன்.

– அதானே. சரி.

– சரியா?

– சரின்னுதானே சொன்னேன். எனக்கு என்னத்துக்கு மருமகன் கார்? மத்த நாளெல்லாம் நான் பஸ்ஸுலதான் போறேன், வாறேன். கண்டக்டர் பொடியன் என்னக் கண்டா யாரையாவது எழுப்பி விட்டுச் சீட்டுத் தருவான். போன புதன்கிழமையும் மாத்தளைக்கு வந்து பிளேன்டி குடிச்சிட்டுப் போனேன்.

– புதன்கிழமையா? அப்ப அந்த வளையத்த அன்னைக்கே வாங்கியிருக்கலாமே!

– வாங்கியிருக்கலாம்.

– அப்ப பல்லு டாக்டர்கிட்டப் போனது?

– மருமகன், எனக்கு இருக்கிறதே கட்டுப்பல்லு. கழட்டி யஹ்யா கையில குடுத்தனுப்பினாப் போதும்.

– வாப்பா, போதும். விடுங்க.

– எவ்வளவு நாளைக்கு மகள்? அவரு நல்ல மனுசன். கேக்கட்டும்.

– நான் என்னத்தக் கேக்கணும்? எதுக்கு மாமா ஒவ்வொரு சனியும் என்னை இழுத்தடிச்சீங்க?

– கார் வராட்டி இவ எப்படி வருவா?

– இவளா? இவ நினைச்ச நேரம் வரலாமே! பஸ் எங்கட வீட்டு முன்னாலயே நிக்குது. கல்யாணத்துக்கு முந்தி இதே பஸ்ஸுலதானே கிளாஸுக்கு வந்தா? நான் இவள முதல்ல கண்டதே ஜன்னல் சீட்டுலதான். எங்கட உம்மா ஒரு நாளும் போகாதேன்னு சொன்னதில்ல. சொன்னாங்களா அம்றா?

– இல்ல.

– கேட்டீங்களா மாமா?

– நான் சொல்லி முடிக்கல்ல. மாமி போகாதேன்னு சொல்றதில்ல. நான் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டா, "வாசல்ல கார் நிக்கிற வீட்டு மருமக பஸ்ஸுல தொங்கிட்டுப் போனா தெருவுல என்ன பேசுவாங்க? இரு மகள், ஷிஃபான் வந்து கூட்டிட்டுப் போவான்"னு சொல்வாங்க. பாசமாத்தான் சொல்வாங்க. அதனாலதான் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரல்ல. போட்ட அபாயாவக் கழட்டி வச்சிட்டு அடுப்படிக்குப் போயிருவேன்.

– என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!

– சொன்னேன். என்ட உம்மாக்குக் கால் வீங்கினப்ப சொன்னேன். அடுத்த கிழமை பாப்பம்னீங்க. மபாஸாக்கு ரிசல்ட் வந்தப்ப சொன்னேன். ஒரே தங்கச்சி. கடையில வேலை இருக்குன்னீங்க. வாப்பா ஃபோன் எடுத்தா மட்டும் சோத்துக் கையக் கழுவினதும் கழுவாததுமா சாவியத் தூக்குறீங்க. அதான் வாப்பாகிட்டச் சொன்னேன், வேலை இருக்குன்னு கூப்பிடுங்கன்னு.

– மிளகு மூட்டையுமா?

– மிளகு நிசம் மருமகன். யஹ்யா ஏத்த வந்தான். நான்தான் துரத்தி விட்டேன்.

– அழுறியா அம்றா?

– இல்ல. ஏசி காத்து கண்ணுல படுது.

– ஏசி போடல்லையே.

– அதானே.

– வாப்பா!

– சரி, கேளு அம்றா. கார் இருக்கட்டும். சாவி என்கிட்டயே இருக்கட்டும். இனி மாமா பொய் சொல்ல வேணாம். உனக்கு எப்பப் போகணும்னாலும் என்கிட்டக் கேளு, நானே கூட்டிட்டு வாறேன். அல்லாஹ் மேல சத்தியம்.

– வேணாம்.

– கோவமா?

– கோவமில்ல. அப்பவும் நான் கேக்கத்தானே வேணும்?

– அப்ப நான் என்னதான் செய்ய? சொல்லு, செய்றேன்.

– முன்னால போற இந்தப் பஸ்ஸ முந்திப் போய், நம்ம வீட்டுக்கு முந்தின பலாபத்வெல ஹோல்ட்ல என்னை எறக்கி விடுங்க, நான் அந்தப் பஸ்ஸுலயே ஏறிக்கிறேன். மாமி இந்நேரம் வாசல்லதான் நிப்பாங்க, நான் பஸ்ஸுல வந்து எறங்குறத அவங்க கண்ணாலயே பாக்கட்டும்.