கவுத்துப் போட்ட வள்ளம்

பிரெசில்லா: …கோயில் கூரை ஒரு சொட்டுக்கூட ஒழுகலையாமே?

சகாயவினோத்: ஒழுகலையே! வெளிய மழை கொட்டு கொட்டுன்னு கொட்டுது. இன்சினியர் கழுத்து நோக அண்ணாந்தே நின்னாரு.

பிரெசில்லா: ஐயோ… எங்கண்ணன்?

சகாயவினோத்: வேதநாயகம் மச்சான் மொகத்தப் பாக்கணுமே! பழைய மாதா கோயில இடிச்சா புதுசு கட்டுற கான்ட்ராக்ட் அவருக்குத்தானே? "கூரை ஒழுகுது, இனி தாங்காது"ன்னு கூட்டியாந்ததே அவருதான்.

பிரெசில்லா: நீங்களுந்தானே ஒத்து ஊதுனீக.

சகாயவினோத்: நீ மட்டும்? பொம்பளைக கூட்டத்துல "புதுக் கோயில்தான் வேணும்"னு கத்துனது யாராம்?

பிரெசில்லா: கூடப் பொறந்தவன் கேக்குறான்… சரி விடுங்க. இன்சினியர் என்ன சொன்னாரு?

சகாயவினோத்: "என்னங்க, வள்ளத்தக் கவுத்துப் போட்ட மாதிரி இருக்கு"ன்னாரு. வள்ளம் கட்டுறவக கட்டுன பலகைக் கூரைதான் சார்னேன். நடுவுல ஒரு தூணு உண்டா பாருங்கன்னேன்…

பிரெசில்லா: அறுபத்தி நாலாம் வருசத்துப் புயலச் சொன்னீகளா?

சகாயவினோத்: சொல்லாம? வீடெல்லாம் போனப்ப ஊருச் சனம் பூரா இதுக்குள்ளதான் உசுரோட கெடந்துச்சுன்னேன். செவுத்தத் தட்டிப் பாத்தாரு. பவளப்பாறைக் கல்லு, சுண்ணாம்பு… "இத இடிக்கணும்னு யாருங்க சொன்னது?"ன்னுட்டாரு! மச்சான் தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு.

பிரெசில்லா: அப்படியா கேட்டாரு! எனக்குப் புல்லரிக்குதுங்க.

சகாயவினோத்: அப்பறம் மூக்கச் சுளிச்சாரு. கோயிலுக்குள்ள ஏன் மீன் வாடைன்னு…

பிரெசில்லா: நீங்க?

சகாயவினோத்: கடக்கரை ஊரு சார், அப்படித்தான் அடிக்கும்னேன்.

பிரெசில்லா: அது சுறா எண்ணெ வாடை. வள்ளத்துப் பலகை இடுக்குல பஞ்ச அடைச்சுட்டுத் தடவுறது. எனக்குத் தெரியாதா? உண்மையச் சொல்லுங்க.

சகாயவினோத்: …நேத்து மத்தியானம். சனமெல்லாம் மீன் ஏலத்துல நின்னுச்சு. நாந்தான் கூரையில ஏறி அடைச்சேன். இடிக்க மனசு வரல புள்ள. உங்கண்ணங்கிட்டச் சொல்லிறாத.

பிரெசில்லா: தெக்குப் பக்கந்தானே?

சகாயவினோத்: ஆமா. ஆள் சத்தம் கேட்டு எறங்கிட்டேன். வடக்குப் பக்கம் ஒழுகிருமேன்னு காலையில இருந்து உசுரக் கையில புடிச்சுக்கிட்டு நின்னேன்… அங்கனயும் ஒழுகல. மாதாதான் காப்பாத்திருக்கா.

பிரெசில்லா: மாதா எதுக்கு இந்த வயசுல கூரை ஏறப் போறா? வடக்குப் பக்கம் ஏறுனது நாந்தான்… வள்ளத்து வேலைய எங்கய்யா அண்ணனுக்கு மட்டுமா சொல்லிக் குடுத்தாரு?