நான்காம் விரலும் ஐந்தாம் விரலும்

விடிகாலை நாலே முக்கால் மணி. கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சாலை... ஒரு பக்கம் நீள மதில், மறுபக்கம் பூட்டிய ஷட்டர்கள். பத்து விளக்குக் கம்பங்களில் மூன்றுதான் எரியும். டீசல் வாடை. அந்த இருட்டில் ஒரு சைக்கிள் வருகிறது. கிரீச்... கிரீச்... செயின் சத்தம் மட்டும். வருகிறவர் திருடர் இல்லை. பியானோ கற்றுக்கொள்ளப் போகிறார்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். அப்புறம் வாய்ப்புக் கிடைக்காது.

இது என் நண்பனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவருக்கும் இசைக்கும் இருந்த சம்பந்தம் கிரேன் ஹாரனோடு சரி. ஒருநாள் இரும்பு வடம் இழுத்ததில் இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் செத்துப்போயின. இடத்தில் இருக்கும், வேலை மட்டும் செய்யாது... சில மேலதிகாரிகள் மாதிரி. மூன்று மாதத்தில் மருத்துவச் சோதனை. விரல்கள் மடங்காவிட்டால் கிரேன் போய்விடும். கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுத வேண்டியதுதான். பியானோ பழகிப் பாருங்கள், விரலுக்கு நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நாப்பத்திரெண்டு வயசுல பியானோவா? அடுத்த வருஷம் பாலே ஆடுவீங்களா?" என்று சித்தி கேட்டார். கேட்டுவிட்டு ஃப்ளாஸ்க்கில் டீயும் ஊற்றிக் கொடுத்தார்.

டீச்சர் அந்தச் சாலையின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். ஆறு மணி ஷிப்டுக்கு முன்னால் வரலாமா என்று கேட்டதற்கு, எனக்கு எப்படியும் தூக்கம் கிடையாது, ஐந்து மணிக்கு வாருங்கள் என்றாராம். அறையில் ஈரக் கம்பளி வாடை. முதல் பாடம், விரல்களுக்கு எண் வைப்பது. கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. ஐந்து விரலுக்கு ஐந்து கட்டை. கையை நகர்த்தாமல் ஒரு சின்னப் பாட்டு. முதல் மூன்று விரல்கள் ஏதோ தட்டின. நாலும் ஐந்தும் செத்த பல்லி மாதிரிக் கிடந்தன. இப்படியே ஐந்து வாரம்.

ஆறாவது வாரம் சுண்டுவிரல் எழுந்தது. தானாக. கட்டையை அழுத்தியது. பின்னாலேயே மோதிர விரலும். சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டு முழுசாக வந்து முடிந்தது. கையை எடுக்கப் போனார்... சுண்டுவிரல் வரவில்லை. கடைசிச் சுரத்தை இன்னொரு முறை, மெதுவாகத் தட்டியது. டிங்.

புத்தகத்தில் அப்படி இல்லை.

டீச்சர் திரும்ப வாசிக்கச் சொன்னார். மறுபடி டிங். மூன்றாம் முறை சித்தப்பா வேண்டுமென்றே விரலை இழுத்தார். அது இழுபடவில்லை. டிங்.

"என் பொண்ணு இப்படித்தான்," என்றார் டீச்சர். "பாட்டு முடிஞ்சாலும் கடைசியில கூடுதலா ஒண்ணு தட்டுவா. நாலு வருஷம் திட்டினேன். ஒருநாள் ஸ்கேலால அந்த ரெண்டு விரல்லயும் போட்டேன். கோவிச்சுக்கிட்டு வெளிய ஓடினா. இதே நேரம்தான், இருட்டு. இந்த ரோட்டுல... லாரி."

என்ன வயது என்று சித்தப்பா கேட்டார். பத்து.

நீங்களும் நானும் அன்றைக்கே ஓடியிருப்போம். சித்தப்பா கணக்குப் போட்டார். சோதனைக்கு ஆறு வாரம் பாக்கி. விரல் மடங்கினால் போதும், யார் மடக்கினால் என்ன? தினமும் போனார்.

அதற்குப் பிறகு டீச்சர் எதையும் திருத்தவில்லை. சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையோடுதான் பேச்சு. அந்த இரண்டு விரல்களுக்கு மட்டும் தைலம் தடவி, "இன்னும் வலிக்குதாடா கண்ணு?" என்பார். சித்தப்பா, பிள்ளையை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் வேன் டிரைவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

சோதனையில் தேறிவிட்டார். பிடி பிரமாதம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை டீச்சரிடம் போய், நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சொன்னார். டீச்சர் நிமிரவில்லை. கையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அவர் வராட்டி பரவாயில்ல. நீ வழி மறக்காம வந்துடு."

அன்றிரவு சித்தப்பா நிம்மதியாகத் தூங்கினார். பாதத்தை ஏதோ இறுக்கியது போலிருந்து விழித்தார். மணி நாலரை. பக்கத்தில் சித்தியின் குறட்டை. ஆனால் சித்தப்பா படுத்திருக்கவில்லை... கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். எப்போது எழுந்தார்? தெரியவில்லை. இடது காலில் ஷூ. நாடா கட்டியிருந்தது. முயல் காது மாதிரி இரண்டு வளையம், சின்னப் பிள்ளைகள் போடுகிற முடிச்சு. இருபது வருஷமாக வடம் கட்டுகிற மனிதர், அந்த முடிச்சை வாழ்நாளில் போட்டதில்லை.

வலது கை மடியில் சும்மா கிடந்தது.

இடது கை கட்டிலுக்கு அடியில், இன்னொரு ஷூவைத் தேடிக்கொண்டிருந்தது.