நான்காவது கண்ணாடி

எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் முதலில் கதவுகளைத்தான் திறந்து மூடிப் பார்ப்பேன். பெயிண்ட், டைல்ஸ் எல்லாம் மேல்பூச்சு. கதவு நிலையில் உரசினால் வீடு ஒரு பக்கம் இறங்குகிறது என்று அர்த்தம். வீடுகளை வாங்கி, கொஞ்ச நாள் வைத்திருந்து விற்பது என் தொழில், ஐயா. இதில் என் காதில் யாரும் பூ சுற்ற முடியாது.

அந்த வீட்டில் சமையலறைக் கதவு உரசியது. பக்கத்துச் சுவரில் படிப்படியாக ஏறிய விரிசலில், மேலே என் சுண்டுவிரல் நுழைந்தது. செங்கல்லே பிளந்திருந்தது. வெளியே சாக்கடைக் குழாய் உடைந்து அஸ்திவாரத்து மண் கரைந்துகொண்டிருந்தது. அதனால்தான் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. சரிசெய்ய வேண்டுமானால் மாதக்கணக்கில் தோண்ட வேண்டும். அந்தப் பொறுமை எனக்கில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டைத்தான் வாங்க வருபவர்கள் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். குடும்பம் புழங்கும் வீட்டில் அலமாரியை நகர்த்தச் சொல்லக் கூச்சப்படுவார்கள்.

அதனால் கணவன், மகளோடு என் தங்கையைக் குடிவைத்தேன். வாடகை வேண்டாம் என்றதும் அழுதுவிட்டாள். எனக்கு அவள்மேல் உயிர்.

விரிசலின் குறுக்கே சிமெண்ட் வைத்து ஒரு கண்ணாடித் துண்டைப் பதித்தேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். தொழிலில் இது பழைய வழக்கம். அவளுக்கும் விளக்கினேன். "கண்ணாடி முழுசா இருக்கிற வரைக்கும் பயமில்லைம்மா."

தினமும் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பாளாம். முதல் கண்ணாடி பத்து நாளில் உடைந்தது. வெயிலில் உடைந்திருக்கும் என்று சொல்லி மாற்றினேன். அடுத்தது ஒரு வாரம் தாங்கியது. மூன்றாவது மூன்றே நாள். போன் செய்தாள்.

"அண்ணா, மறுபடியும் உடைஞ்சிருச்சு. கொஞ்ச நாள் அவரோட அக்கா வீட்டுல போய் இருக்கட்டுமா?"

அந்த வாரக் கடைசியில் ஒருவர் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. இவர்கள் கிளம்பியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். உடனே போனேன். விரிசலைப் பூசி, முன்னால் அலமாரியை நகர்த்தினேன். நான்காவது கண்ணாடியை எதிர்ச்சுவரில் பதித்தேன். அது அசையாத சுவர்.

"இங்க விரிசலே இல்லையே அண்ணா?"

"அது சரியாயிடுச்சு. இனிமே இதைப் பார்த்துக்கிட்டா போதும்."

சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

ஐந்தாம் நாள் காலை, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவளும் மாப்பிள்ளையும் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அலமாரிக்குப் பின்னாலிருந்த சுவர் கூரையோடு அவர்கள்மேல் விழுந்தது. விழும் என்று எனக்குத் தெரியும். விற்ற பிறகு விழும் என்று நினைத்தேன்.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் அவளைப் பார்க்கச் சொன்ன சுவர் இன்னும் நிற்கிறது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.