கோரைப்பல் ராசாவுக்குப் பெயர் எழுதியவன்

அப்துல் காதர்: ...அதான் சார் சொல்றேன், மெஷின்ல ஏத்தியாச்சு. ஜும்மா தொழுதுட்டு வந்ததும் ஓட்டணும். ஞாயித்துக்கெழம மண்டபத்துல புத்தக வெளியீடு. இப்ப வந்து நிறுத்துன்னா எப்படி லா?

விநாசித்தம்பி: நிப்பாட்டுங்கோ.

அப்துல் காதர்: எழுதுனது டீச்சர். ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது டீச்சர். நீங்க...

விநாசித்தம்பி: நான் அவளின்ர அண்ணன்.

அப்துல் காதர்: அது தெரியும் சார். துறைமுக ஆபீஸ்ல நீங்க சீஃப் கிளார்க்கா இருந்தப்ப, ஒரு கமா தப்பா இருக்குன்னு என் கடுதாசிய மூணு தடவ திருப்பி அனுப்புனீங்க. மறக்க முடியுமா.

ஞானாம்பிகை: அண்ணை, இருங்கோ. சூலியா தெரு முழுக்க வெயிலுக்குள்ளாலை நடந்து வந்திருக்கிறியள். பாய், ஒரு கோப்பி சொல்லுங்கோ.

விநாசித்தம்பி: நான் கோப்பி குடிக்க வரேல்லை. நாற்பத்தோராம் பக்கத்தைப் பற்றிக் கதைக்க வந்தனான்.

ஞானாம்பிகை: நான் குடுத்து விட்ட முறுக்கு எப்பிடி இருந்தது?

விநாசித்தம்பி: பகிடியை விடு. முறுக்குச் சுத்தின ப்ரூஃப் தாளை விரிச்சால், அதுக்குள்ளை எங்கட ஐயா நிற்கிறார். உன்ர அண்ணி வாசிச்சுப்போட்டு, என்ர முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குள்ளை போனவள்.

அப்துல் காதர்: உங்க ஐயாவா? சார், இது கடாரத்து ராஜா கதை. கோரப்பல்லு மொளச்ச ராஜா. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சமாச்சாரம்.

விநாசித்தம்பி: கதை எனக்கும் தெரியும். சமையல்காரி கீரை அரியேக்கை விரலை வெட்டிப்போட்டாள். ரத்தம் கறிக்குள்ளை விழுந்தது. ராசாவுக்கு அந்த ருசி பிடிச்சுப் போச்சு. பிறகு நாளுக்கு ஒரு ஆள் கேட்டான். கோரைப்பல் முளைச்சது. சனம் திரண்டு துரத்தினது. இவ்வளவுதான். இதுக்குள்ளை ஓலை எழுதுற கணக்கன் எங்கையிருந்து வந்தவன்?

ஞானாம்பிகை: ராசாவுக்கு எல்லாற்றை பேரும் தெரியுமோ, அண்ணை?

விநாசித்தம்பி: என்ன?

ஞானாம்பிகை: அரண்மனைக்குள்ளை இருக்கிற ராசா. ஆத்தங்கரையிலை எந்தக் குடிசையிலை ஆர் இருக்கினம் எண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்? பல்லு மட்டும்தான் அவன்ரை. பேரை ஆரோ எழுதிக் குடுத்திருக்க வேணும். நல்ல கையெழுத்து உள்ள ஆரோ.

அப்துல் காதர்: அந்த எடம் அச்சுக் கோக்கும்போது எனக்கே கை நின்னுடுச்சு சார்.

விநாசித்தம்பி: அப்ப அந்த இடத்தை நீங்களே வாசியுங்கோ, பாய். சத்தமாய்.

அப்துல் காதர்: "கணக்கன் இடக்காலைச் சாய்த்து நடந்து வந்தான். நெற்றி நிறைய நீறு. நரைத்த தாடியைத் தடவியபடி சாளரத்தருகே ஓலையை விரித்தான். ஒவ்வொரு பெயருக்கும் அடியில் இரண்டு கோடு கீறினான். அரசன் கேட்டது நாற்பது பெயர். நாற்பதையும் ஓர் எழுத்துக்கூடச் சாயாமல் எழுதினான்."

விநாசித்தம்பி: இடக்கால். நீறு. தாடி. பேருக்குக் கீழை ரெண்டு கோடு. கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலை இருபது வருசம் கணக்கெழுதுற கிராணியாய் இருந்த அப்புத்துரையை அறிஞ்ச ஒருத்தருக்கும் இதுக்கு மேலை விளக்கம் தேவையில்லை. சண்டைக் காலத்திலை சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் எங்கட தோட்டத்திலை கேட்டதும் நாற்பது பேர்தான்.

அப்துல் காதர்: ...நான் தொழுகைக்குக் கெளம்புறேன். இன்னும் நின்னா பள்ளியில எடம் கெடைக்காது. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. ஓட்டவா, வேணாமா... வந்ததும் ஒரு வார்த்த சொன்னா போதும்.

ஞானாம்பிகை: போயிட்டு வாங்கோ, பாய்.

விநாசித்தம்பி: வெளியீட்டுக்குச் செபராங் ஜெயாவிலையிருந்து நல்லம்மாவும் வாறாவாம்.

ஞானாம்பிகை: ஓம். நான்தான் கூப்பிட்டனான்.

விநாசித்தம்பி: அவவின்ர புருஷன்...

ஞானாம்பிகை: அந்த நாற்பதிலை மூண்டாவது பேர். சயாமிலையிருந்து திரும்பி வரேல்லை.

விநாசித்தம்பி: அவவை முன்வரிசையிலை இருத்தி வைச்சுக்கொண்டு, ஐயாவைக் கூண்டிலை ஏத்தப் போறாய். அதுவும் ஐயாவின்ர படம் தொங்குற மண்டபத்திலை.

ஞானாம்பிகை: நல்லம்மாவுக்கு இது புதிசில்லை, அண்ணை. சண்டை முடிஞ்சு, சயாமிலை தப்பின நாலைஞ்சு பேர் எங்கட வாசலுக்கு வந்தவை. ஆர் எழுதினது எண்டு கேட்டவை. ஐயா படி இறங்கிப் போய், நான்தான் எண்டு சொன்னவர். அவவும் அங்கை நிண்டவ.

விநாசித்தம்பி: ...சொன்னவர்.

ஞானாம்பிகை: செருப்பாலை அடிச்சினம். கையைக் கட்டிக்கொண்டு நிண்டவர். நீங்கள் வீட்டுக்குள்ளை நிண்டனீங்கள்.

விநாசித்தம்பி: நீ ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

ஞானாம்பிகை: ஐயா தன்ர வாயாலை சொன்னதைத்தான் எழுதியிருக்கிறன்.

விநாசித்தம்பி: அவர் செத்து இருபத்தஞ்சு வருசம். எழும்பி வந்து பதில் சொல்ல மாட்டார். காலை மாத்து. நீறை எடு. கட்டையன் எண்டு போடு, ஒற்றைக் கண்ணன் எண்டு போடு. ஐயாவை மட்டும் விடு.

ஞானாம்பிகை: பிறகு நல்லம்மா கேட்பா, இது ஆர் எண்டு.

விநாசித்தம்பி: கதை எண்டு சொல்லு.

ஞானாம்பிகை: நாற்பத்திமூண்டு வருசமாய் நாங்களும் கதைதானே சொல்லுறம்.

விநாசித்தம்பி: என்ன கதை?

ஞானாம்பிகை: அண்ணை, அந்தக் கிழமை ஐயாவுக்கு என்ன வருத்தம்?

விநாசித்தம்பி: எந்தக் கிழமை?

ஞானாம்பிகை: ஜப்பான்காரன் லொறி கொண்டுவந்த கிழமை.

விநாசித்தம்பி: உனக்கு அப்ப பத்து வயசு.

ஞானாம்பிகை: மலேரியா. ஒன்பது நாள். கட்டில் ஆடுற நடுக்கம். கரண்டி பிடிக்க ஏலாது. நான்தான் கஞ்சி பருக்கினனான்.

விநாசித்தம்பி: ஞானம்.

ஞானாம்பிகை: அந்தக் கையோ ஓர் எழுத்தும் சாயாமல் நாற்பது பேர் எழுதினது?

விநாசித்தம்பி: போதும்.

ஞானாம்பிகை: நான் ஒண்டும் கேட்கேல்லை. இவ்வளவு காலமும் கேட்டனானோ? ஐயா தானாய் எடுத்துச் சுமந்தவர், சுமந்தபடியே போயிட்டார். உயிரோடை இருக்கிற ஆக்களுக்குத்தான் நாளையைப் பற்றிப் பயம். உங்கட மகளுக்குத் தை மாசம் கலியாணம். அதை யோசிச்சுத்தான் கணக்கனுக்குத் தாடி வைச்சனான்.

விநாசித்தம்பி: அந்தத் தாளிலை... தெரியாமலோ முறுக்குச் சுத்தினனி?

ஞானாம்பிகை: தெரிஞ்சுதான்.

விநாசித்தம்பி: ஏன்?

ஞானாம்பிகை: அச்சாகினால் பிறகு மாத்த ஏலாது. ஐயாவின்ர மானத்தைப் பற்றி ஒவ்வொரு மேடையிலையும் பேசுற ஆள் நீங்கள். உங்களிட்டைக் காட்டாமல் அச்சடிக்க மனம் வரேல்லை.

விநாசித்தம்பி: நேரிலை வந்து கேட்டிருக்கலாம்.

ஞானாம்பிகை: கேட்டிருந்தால் எழும்பிப் போயிருப்பியள். முறுக்கு எண்டால் ஆறுதலாய் இருந்து பிரிப்பியள்.

விநாசித்தம்பி: ...உன்ர கதையிலை ராசா கணக்கனைக் கூப்பிட்டு என்ன சொல்லுறான்?

ஞானாம்பிகை: பெயர் தராவிட்டால் உன் வீட்டிலிருந்து தொடங்குவேன் எண்டு.

விநாசித்தம்பி: ஓம். அப்பிடித்தான் சொன்னவன். வாளை மேசையிலை வைச்சுப்போட்டு, சிரிச்சுக்கொண்டு... அது உனக்கு எப்பிடித் தெரியும்?

ஞானாம்பிகை: கதவுக்குப் பின்னாலை நிண்டனான்.

விநாசித்தம்பி: முழுக்கவும் கேட்டனியோ?

ஞானாம்பிகை: முழுக்க. அதையும் எழுதியிருக்கிறன். வாசிக்கிற ஆக்கள் கணக்கனை வெறுக்க மாட்டினம், அண்ணை.

விநாசித்தம்பி: வெறுக்கட்டும். அது அவையின்ர உரிமை. ஆனால் வெறுக்கிற ஆள் சரியான ஆளாய் இருக்க வேணும்.

அப்துல் காதர்: தொழுதுட்டு வந்தாச்சு. என்ன சார், ரெண்டு பேரும் சுவரப் பார்த்துட்டு உக்காந்திருக்கீங்க. கோப்பி ஆறிப் போச்சு. முடிவு என்ன, ஓட்டவா?

விநாசித்தம்பி: ஓட்டுங்கோ. நாற்பத்தோராம் பக்கம் மட்டும் திருத்த வேணும்.

அப்துல் காதர்: ஒரு பக்கம்னா அரமணி நேரம் லா. சொல்லுங்க, எழுதிக்கிறேன். டீச்சர், சரிதானே?

ஞானாம்பிகை: அண்ணை சொல்லட்டும்.

விநாசித்தம்பி: இடக்கால் வேண்டாம். நீறு வேண்டாம். தாடியும் வேண்டாம்.

ஞானாம்பிகை: தாடி இருக்கட்டும், அண்ணை. உங்கட மகள்...

விநாசித்தம்பி: அவளுக்கு நான் சொல்லுறன். மாப்பிள்ளை வீட்டுக்கும் நான்தான் சொல்ல வேணும். நாளைக்கு ஃபெரி எடுத்து நல்லம்மாவிட்டையும் போறன், புத்தகம் அவவின்ர கைக்குப் போக முன்னம்.

ஞானாம்பிகை: நானும் வாறன்.

விநாசித்தம்பி: நீ வரத் தேவையில்லை. ஐயா படி இறங்கேக்கை ஆரும் கூடப் போகேல்லை. பாய், எழுதுங்கோ. "கணக்கன் காய்ச்சலில் கிடந்தான். அன்று எழுத்தாணியை எடுத்தவன் அவனுடைய மகன். வயது பதினேழு."

அப்துல் காதர்: பதினேழு... எழுதிட்டேன். சார், தப்பா நெனைக்காதீங்க. கிழவனா இருந்தா நம்பலாம். மீச மொளைக்காத பையன், அப்பன் படுத்துக் கெடக்குறப்ப, உக்காந்து நாப்பது பேர இப்படி எழுதிக் குடுப்பானா?

விநாசித்தம்பி: நான் எழுதிக் குடுத்தனான், பாய்.