சனிக்கிழமைக் கைதட்டல்

எடை பார்க்கும் இயந்திரத்தைத் துடைப்பது என் வேலை இல்லை, ஐயா. ஆனாலும் சனிக்கிழமை காலையில் நானே ஈரத் துணியால் துடைத்து வைப்பேன். ஏறுகிறவர்களுக்கு ஒரு மரியாதை வேண்டுமே. வாழ்நாள் முழுக்க அதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் அவர்கள்.

நான் அந்த மருத்துவமனையின் உணவு ஆலோசகர். உடல் எடை குறைய வேண்டுமென்று வருகிறவர்களின் இரைப்பையில் முக்கால் பங்கை டாக்டர் வெட்டி எடுத்துவிடுவார். மீதிக் கால் பங்குக்குள் என்ன போகலாம் என்று நான் அட்டவணை எழுதிக் கொடுப்பேன். சனிக்கிழமைதோறும் எல்லோரும் கூடி ஒவ்வொருவராக இயந்திரத்தில் ஏறுவார்கள். குறைந்தவருக்குக் கைதட்டல். குறையாதவர் என் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் தண்டனை.

நீங்கள் கேட்கிற அந்த டீச்சர் நூற்றுப் பதினெட்டு கிலோவில் வந்தார். "இவ ஏறினா வண்டியோட பின் டயர் எங்கிட்ட புகார் சொல்லுது மேடம்" என்றார் கணவர். பாவம், நகைச்சுவை உணர்வு உள்ளவர். டீச்சர் அவருக்கு முந்திச் சிரித்தார். ஊரார் சிரிப்பதற்குள் தானே சிரித்துவிடப் பழகியவர்கள் அப்படித்தான். அறுவை சிகிச்சை என்றதும் பயந்தவரை மூன்று மணி நேரம் உட்கார வைத்துப் பேசிச் சம்மதிக்க வைத்தது நான். இதை என் பெருமையாகவே குறித்துக்கொள்ளலாம்.

அறுவை சிகிச்சையின்போது, வெட்டி எடுத்த துண்டில் பட்டாணி அளவில் இரண்டு கட்டிகள் இருந்தன. யாரும் எதிர்பார்க்கவில்லை. "ஒண்ணும் இருக்காது, எதுக்கும் லேபுக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஏதோ மாநாட்டுக்கு விமானம் ஏறினார். லேப் அறிக்கைகள் என் மேஜைக்குத்தான் வரும். முன்பு வந்த நானூறும் 'குறை ஒன்றும் இல்லை' என்றே வந்ததால், "நீங்களே பார்த்து ஃபைல்ல வெச்சிடுங்க" என்று என்னிடம் தள்ளிவிட்டிருந்தார். தன் பெயர் அச்சில் வந்தால் தவிர அவர் எதையும் வாசிக்கிற வழக்கமில்லை.

இது நானூற்று ஒன்றாவது. புற்றுநோய். ஆரம்பக் கட்டம்தான், ஆனால் வேகமாகப் பரவும் வகை, மீதி இரைப்பையையும் உடனே அகற்றினால் பிழைக்க நிறைய வாய்ப்பு என்று கீழே எழுதியிருந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நன்றாகவே புரிந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் டீச்சருக்கு முதல் சனிக்கிழமை. அந்த ஒரு நாளையாவது கெடுக்க வேண்டாமே என்று விட்டுவிட்டேன். மனசு உள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஒன்பது கிலோ குறைந்திருந்தது. அறையே கைதட்டியது, டீச்சர் அழுதுவிட்டார். அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தேன். அடுத்த வாரம் அவர் கணவர் முதன்முறையாக அவரைத் தனியாக நிற்க வைத்துப் படம் எடுத்தார். அதற்கடுத்த வாரம் அந்தப் படம் எங்கள் சுவரில் ஏறியது. அதன் பிறகு சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது நோயைச் சொல்வதைவிடச் சங்கடமான காரியம்.

ஆறு மாதத்தில் அவர் இலக்கைத் தாண்டினார். மற்றவர்களுக்கு எடை ஓரிடத்தில் அடம்பிடித்து நிற்கும், டீச்சருக்கு நிற்கவே இல்லை. "எங்களுக்கும் டீச்சர் சார்ட் குடுங்க" என்று மொய்த்தார்கள். நகல் எடுத்து மாளவில்லை. டாக்டர் வாசலில் நின்றபடியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

"தண்ணி கூட இறங்கல மேடம், நெஞ்சுலயே நிக்குது" என்றார் டீச்சர் ஒருநாள்.

"உடம்பு பழகிக்கிட்டிருக்கு, அப்படித்தான் இருக்கும்."

"நீங்க சொன்னா சரி மேடம்."

என்னை அவ்வளவு நம்பச் சொல்லி நான் கேட்கவில்லை.

கடைசி சனிக்கிழமை கணவர் அவரைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார். டயர் பேச்சையெல்லாம் எப்போதோ விட்டிருந்தார். "இது போதும் மேடம். இதை எப்படி நிறுத்தறது?" என்று என் காதருகே கேட்டார். வராதே என்று எவ்வளவு சொல்லியும் டீச்சர் கேட்கவில்லையாம், சனிக்கிழமையை விட மாட்டேன் என்றாராம். இரண்டு பேர் பிடித்து ஏற்றினோம். நாற்பத்தொன்று. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். யாராவது தொடங்க வேண்டுமே, நான்தான் கைதட்டத் தொடங்கினேன். பிறகு எல்லோரும் தட்டினார்கள். டீச்சர் சிரித்தார்.

ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

அறிக்கை என் மேஜையின் அடி இழுப்பறையில், டீச்சர் சார்ட் நகல்களுக்குக் கீழே இருக்கிறது. மறைத்தது நான்தான், வேறு யாருக்கும் தெரியாது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள் மட்டும். சுவரில் இருக்கும் அவர் படத்தைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள், ஐயா. என் அட்டவணையைக் கடைசிவரை ஒழுங்காகப் பின்பற்றியவர் அவர் ஒருவர்தான்.